எட்டாவது விதி

நண்டுக் கொம்பனிப் படலையில் என்னை நிறுத்தினார்கள்,
கையில் வெப்பமானி, கக்கத்தில் பதிவேடு.
எழுத்து விளங்கும்,
அங்கே வேலை செய்கிற ஒருத்திக்கும் சொந்தமில்லை.
இவைதான் என் தகைமை.

சுவரில் பிளாஸ்ரிக் உறைக்குள் ஏழு விதிகள்.
கொழும்பிலிருந்து வந்த, கஞ்சி போட்டு மடித்த தமிழ்:
"ஊழியர்கள் தமக்கிடையே ஒரு மீற்றர் இடைவெளியைப்
பேணுதல் வேண்டும்."
பேணினோம்.
பதினாலு பேர் நின்று சதை எடுத்த மேசையில்
ஆறு பேர்.
மிச்ச எட்டுப் பேருக்கு அடுத்த கிழமை.
அந்தக் கிழமை முழுக்க அவர்கள் வீட்டு
அடுப்பும் சட்டியும் இடைவெளி பேணின.

"கைகளை இருபது செக்கன் கழுவுதல் வேண்டும்."
கால்முள் கிழித்த விரலில் சவர்க்காரம் எரியும்.
எண்ணிக்கை பிழைத்துவிடும் என்று
மெற்றில்டா ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லிக் கழுவுவாள்.
அவசரமில்லாமல் சொன்னால் சரியாய் இருபது.

கார்த்திகை மழை. ஐந்தே முக்கால்.
மெற்றில்டாவின் நெற்றிக்குக் குறிவைத்தேன்.
முப்பத்தாறு தசம் நாலு.
"போ" என்றேன்.
போகவில்லை.
"சுகிர்தா, எனக்கு நண்டு மணக்குதில்லை."

சிரிப்பு வந்தது.
ஒன்பது வருசம் தோய்த்தும் போகாத மணம்.
நாவாந்துறை பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்துச் சீற்
எப்பவும் வெறுமை.
நோய் வர முன்னமே இடைவெளியை
ஊர் எங்களுக்குப் பழக்கியிருந்தது.

"சவர்க்காரம்?"
"இல்லை."
"கருவாடு?"
"மண்ணெண்ணெய்ப் போத்திலையே திறந்து
மூக்குக்கு நேரை பிடிச்சுப் பாத்தன். தண்ணி மாதிரி."

பதிவேட்டில் மூன்று கட்டங்கள்:
காய்ச்சல், இருமல், தடிமன்.
மூன்றிலும் இல்லை என்று எழுதலாம்.
ஒரு சொல்லும் பொய்யாகாது.

ஐந்தாம் விதி:
"அறிகுறியுள்ள ஊழியர் உடனடியாகத்
தொழில்தருநருக்கு அறிவித்தல் வேண்டும்."
நாங்கள் முதலாளி என்போம்.
தாளில் அவர் தருநர்.
அறிவித்த பிறகு என்ன தருவார் என்று
தாளில் இல்லை.

பதினாலு நாள். நாளுக்கு ஆயிரத்து நூறு.
நீங்களும் பெருக்கிப் பாருங்கோ.
நான் படலையில் நின்றே பெருக்கினேன்,
மெற்றில்டாவுக்குப் பின்னால் குடை இல்லாமல் நின்ற
ஐந்து பேருக்கும் சேர்த்து.

பிறகு, கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்,
"மணமில்லை" என்று எழுதினேன்.
என் கையெழுத்து அன்று விளங்கவில்லை.

கிளமன்ற் முதலாளி கண்ணாடித் தாளுக்கு அப்பால் இருந்தார்.
"ஒருத்திக்கு மூக்கடைச்சா
நான் கொம்பனியைப் பூட்டவோ?"
நான் பதில் சொல்லவில்லை, யன்னலைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.

முற்றத்தில் ஒருத்தியும் உள்ளே வரவில்லை.
கோஷமில்லை, மட்டையில்லை.
மழைக்குள் ஒருத்திக்கு ஒருத்தி ஒரு மீற்றர் தள்ளி
நின்றுகொண்டிருந்தார்கள்.
இவ்வளவு ஒழுங்காய் அந்த விதியை
அந்த முற்றம் அதுவரை கண்டதில்லை.

ஐஸ் பெட்டிகளில் நானூறு கிலோ நண்டு.
பெட்டிக்கு அடியால் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது.
அவருக்கும் ஒரு பெருக்கல் இருந்தது.

நீல மாக்கரை எடுத்தார்.
ஏழுக்குக் கீழே, உறைக்கு மேலே எழுதினார்:
"8. வீட்டில் நிற்கச் சொன்ன நாளுக்குப்
பாதிச் சம்பளம்."
பேணுதல் இல்லை, வேண்டும் இல்லை.
சுவரில் இருந்ததில் அது ஒன்றுதான்
ஆரோ ஒராள் பேசின மாதிரி இருந்தது.

பாதிதான்.
பாதி அரிசி, பாதி வாடகை என்று
கடைக்காரனும் வீட்டுக்காரனும்
எழுதித் தரவில்லை.

சுவரையும் நாளுக்கு இருமுறை
தொற்றுநீக்கியால் துடைக்க வேண்டும், அது ஏழாம் விதி.
துடைக்கத் துடைக்க எட்டுத்தான் அழிகிறது.
மாக்கர் இப்போது என் பையில்.
திங்கட்கிழமைகளில், ஆரும் வர முன்னம்,
அவர் எழுத்தின் மேலேயே எழுதிவிடுகிறேன்.
"முழு" என்று எழுதக் கை ஒருமுறை போனது.
இன்னும் எழுதவில்லை.

இருபத்திரண்டாம் நாள் மெற்றில்டா வந்தாள்,
கன்னம் வற்றி, சட்டை தொளதொளத்து.
வெப்பமானியை நான் நீட்ட முன்னம்
முகக்கவசத்தை இறக்கி,
மேசைப் பக்கம் மூக்கை நீட்டி, நின்று, இழுத்தாள்.

"நாறுது" என்றாள்.
கண்ணெல்லாம் தண்ணி.
"ஐயோ சுகிர்தா, என்ன நாத்தம்!"